திரையைக் காணும் பொறி: வீடியோ விளையாட்டுக்களில் உருவறிதலின் வரலாறு பற்றிச் சில குறிப்புக்கள்

தமிழிலே 'பொறி' என்னும் சொல் இயந்திரத்தைக் குறிக்கும். கண், செவி முதலிய புலனுறுப்புக்களையும் குறிக்கும். இவ்விரு பொருள்களும் நெடுங்காலம் தத்தம் வழியே சென்றன. 1950களின் பிற்பகுதி தொடக்கம் அவை நெருங்கி வரலாயின. ஒரு படத்தை நோக்கி அதில் உள்ளது யாதெனக் கூறவல்ல இயந்திரம் ஆய்வுகூடத்திலிருந்து அஞ்சலகத்துக்கும் வங்கிக்கும் படைத்துறைக்கும் சென்று, ஈற்றில் வீட்டறையில் விளையாடுவோரின் திரைக்கு முன்னும் வந்து நிற்கின்றது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது இறுதியிற் கூறிய அச்சிறு கிளையையே. விளையாட்டின் திரையைப் பார்த்து, எங்கே எது உள்ளது என்பதை அறிந்து, ஆட்டக்காரருக்கு வழிகாட்டும் நரம்பு வலையமைப்புக்கள் எவ்வாறு தோன்றின, எவர் கையில் எவ்வாறு பயன்பட்டன என்பதே நமது வினா.

விளையாட்டுத்தானே, இதில் ஆராய என்ன உண்டு என ஒரு சாரார் கேட்கக்கூடும். கேளிக்கைச் சாதனங்களை ஆய்வுக்குப் புறம்பானவை எனத் தள்ளும் மனப்பான்மை நமது கல்வியுலகில் இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆயின், செயற்கைக் கண்ணின் வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, விளையாட்டு அதன் ஓரத்தில் நின்ற ஒன்றாகத் தோன்றவில்லை. அக்கண்ணை உருவாக்கிய வன்பொருள் விளையாட்டுக்கெனச் செய்யப்பட்டது. அதன் ஆற்றலை உலகுக்கு எடுத்துக்காட்டிய களமும் விளையாட்டே. இவ்வுறவின் பொருளியல் அடிப்படையை விளங்கிக்கொள்ளாது, 'உதவி' எது 'மோசடி' எது என இன்று நடைபெறும் வாதத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது என்பது நமது கருத்து.

தொடக்கத்திலே கடற்படை இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பவலோ நகரிலிருந்த கோர்னெல் வானியக்க ஆய்வுகூடத்தில் பணியாற்றிய உளவியலாளர் பிராங் றோசன்பிளாற், 'பேர்செப்ரோன்' எனத் தாம் பெயரிட்ட அமைப்பை 1958 யூலையில் பகிரங்கமாகச் செய்துகாட்டினார். இடப்புறம் குறியிட்ட அட்டையையும் வலப்புறம் குறியிட்ட அட்டையையும் வேறுபடுத்தி அறிவதே அன்று அது செய்த காரியம். பெரியதோர் ஐ.பி.எம். 704 கணனி ஏறத்தாழ 50 முயற்சிகளின் பின் இதனைக் கற்றுக்கொண்டது. பின்னர் தனி இயந்திரமாகச் செய்யப்பட்ட பேர்செப்ரோன் 400 ஒளிக்கலங்களைக் கண்ணாகக் கொண்டிருந்தது. ஆய்வுக்கு நிதி வழங்கியது கடற்படை ஆராய்ச்சி அலுவலகம். இப்பெயரை வாசகர் மனங்கொள்வாராக. அறுபது ஆண்டுகளின் பின் இதனை மீண்டும் சந்திக்கப் போகின்றோம்.

நரம்பு வலையமைப்பு என்பது யாது? படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணாக உள்ளே செல்கின்றது. அவ்வெண்கள் பல அடுக்குக்களில், ஒவ்வோர் இணைப்புக்கும் உரிய நிறையாற் பெருக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றன. ஈற்றில் ஒரு விடை வெளிவரும். விடை பிழையாயின் நிறைகள் சிறிதளவு திருத்தப்படும். எண்ணற்ற எடுத்துக்காட்டுக்களைக் கொண்டு இத்திருத்தம் மீண்டும் மீண்டும் செய்யப்படுவதையே 'கற்றல்' என்கின்றனர். விதியை மனிதர் எழுதிக் கொடுப்பதில்லை. மனிதர் பெயரிட்டு வைத்த எடுத்துக்காட்டுக்களிலிருந்து அது வடித்தெடுக்கப்படுகின்றது. பெயரிட்டவர் யார் என்ற வினாவுக்குப் பின்னர் வருவோம்.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கலாம். 1969 இல் மின்ஸ்கியும் பப்பேற்றும் வெளியிட்ட நூல் ஓரடுக்குப் பேர்செப்ரோனின் எல்லைகளைக் கணித முறையில் நிறுவியது. அதனையடுத்து இத்துறைக்குரிய ஆதரவு குன்றிற்று. யப்பானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய என்.எச்.கே.யின் ஆய்வுகூடத்தில் குனிஹிக்கோ புக்குஷிமா 1980 இல் முன்வைத்த 'நியோகொக்னிற்றோன்', விலங்குகளின் பார்வைப் புறணி பற்றிய உடற்றொழிலியல் ஆய்வுகளைப் பின்பற்றி, பல அடுக்குக்களாகப் படத்தைப் பகுத்தறியும் அமைப்பைத் தந்தது. 1989 இல் பெல் ஆய்வுகூடத்தினரான யான் லெகுனும் குழுவினரும் கையால் எழுதப்பட்ட அஞ்சற் குறியீட்டு இலக்கங்களை வாசிக்கும் வலையமைப்பை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய கடித உறைகள் பவலோ நகர அஞ்சலகத்தின் வழியாகச் சென்றவை. பேர்செப்ரோன் பிறந்த ஊரின் கடிதங்களே அதன் வழித்தோன்றலுக்கு எழுத்தறிவித்தன என்பது தற்செயலாயினும் சுவையானதொரு செய்தி.

எனினும் இலக்கங்களை வாசித்த கண்ணுக்கு உலகத்தைக் காண இரண்டு வளங்கள் தேவைப்பட்டன. ஒன்று மிகுதியான கணிப்பு வலு. மற்றையது பெயரிடப்பட்ட படங்களின் பெருந்தொகை. முதலாவதை வழங்கியவர்கள் விளையாடுவோர். முப்பரிமாணக் காட்சிகளைத் திரையில் விரைவாக வரைவதற்கு ஒரே வகையான பெருக்கலையும் கூட்டலையும் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒருங்கே செய்தல் வேண்டும். இதற்கென வரைவியற் செயலிகள் தோன்றின. என்விடியா நிறுவனம் 1999 இல் வெளியிட்ட ஜீபோர்ஸ் 256 அவற்றுள் குறிப்பிடத்தக்கது. விளையாட்டுச் சந்தையின் போட்டி ஆண்டுதோறும் இச்செயலிகளின் வலுவைப் பெருக்கியது. நரம்பு வலையமைப்புக்குத் தேவையானதும் இதே பெருக்கலும் கூட்டலுமே. 2012 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஷெவ்ஸ்கி, சட்ஸ்கெவர், ஹின்ரன் ஆகிய மூவரும் இமேஜ்நெற் போட்டியில் பெற்ற வெற்றி இத்துறையின் திருப்புமுனையாகும். அடுத்த நிலையில் வந்தோரின் பிழைவீதம் 26.2 ஆக, இவர்களது பிழைவீதம் 15.3 ஆக இருந்தது. அவ்வலையமைப்பைப் பயிற்றியவை விளையாடுவோருக்கென விற்கப்பட்ட இரண்டு ஜீ.ரி.எக்ஸ். 580 அட்டைகள், ஐந்தாறு நாள்களில் அவை அவ்வேலையை முடித்தன. விளையாட்டுப் பொருளுக்கு ஆட்டக்காரர் கொடுத்த விலையே செயற்கைக் கண்ணின் மூலதனமாயிற்று என்பது மிகைக் கூற்றாகாது.

இரண்டாவது வளத்தின் வரலாறு இன்னும் கவனத்துக்குரியது. இமேஜ்நெற் என்னும் படத்தொகுதியை பெய்-பெய் லீயும் குழுவினரும் 2009 இல் அறிமுகஞ் செய்தனர். அது பின்னர் 1 கோடியே 40 இலட்சம் படங்களாக வளர்ந்தது. இவை நாய், இவை நாற்காலி எனப் பிரித்தோர் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 கூலியாளர். அமேசன் நிறுவனம் 2005 இல் தொடங்கிய 'மெக்கானிக்கல் ரேர்க்' என்னும் சேவை வாயிலாக, துண்டு வேலைக்குத் துண்டுக் கூலியாக, அவர்கள் அமர்த்தப்பட்டனர். அச்சேவையின் பெயர் ஒரு விளையாட்டு இயந்திரத்திலிருந்து வந்தது. 1770 இல் வியன்னா அரசவையில் கெம்பலன் என்பார் காட்டிய சதுரங்கப் பொறி, துருக்கியர் உடையணிந்த பொம்மையொன்று தானே காய் நகர்த்துவதாக மக்களை வியக்க வைத்தது. உண்மையில் பெட்டியினுள்ளே ஒரு மனிதன் மறைந்திருந்தான். 235 ஆண்டுகளின் பின் வணிக நிறுவனமொன்று அப்பெயரை வெளிப்படையாகவே சூட்டிக்கொண்டபோது, பெட்டியினுள் இருந்தோர் பல்லாயிரவராயினர். அவர்களது பெயர்களை ஆய்வுக் கட்டுரைகளில் தேடினால் கிடைக்கமாட்டா.

இனி விளையாட்டுக் களத்துக்கு வருவோம். 1977 இல் விற்பனைக்கு வந்த அற்றாரி 2600 என்னும் விளையாட்டுப் பெட்டியை ஆய்வுக் களமாக்கும் மென்பொருளை, அல்பேற்றாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் உருவாக்கி 2013 இல் அதுபற்றி எழுதினர். அதே ஆண்டு டிசெம்பரில் இலண்டனைச் சேர்ந்த டீப்மைன்ட் நிறுவனத்தார், திரையின் படத்தையும் புள்ளித் தொகையையும் மட்டுமே பெற்று ஏழு அற்றாரி விளையாட்டுக்களைத் தானே கற்று ஆடும் வலையமைப்பை அறிவித்தனர். 2014 சனவரியில் கூகிள் அந்நிறுவனத்தை வாங்கியது. 2015 பெப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரையில் விளையாட்டுக்கள் 49 ஆகியிருந்தன. அவற்றுள் 29 இல் அவ்வலையமைப்பு தேர்ந்த மனித ஆட்டக்காரரின் புள்ளிகளில் 75 வீதத்துக்கு மேற்பட்டதைப் பெற்றது. சாவி தேடி அறையறையாய் அலையவேண்டிய 'மொன்ரெசூமாவின் பழிவாங்கல்' என்னும் விளையாட்டிலோ ஒரு புள்ளியும் பெறவில்லை. பார்க்கத் தெரிந்ததற்கு எதைத் தேடுவதெனத் தெரியவில்லை.

இவ்விடத்திலே நமது வாதத்தின் மையத்தை முன்வைக்க விரும்புகின்றோம். அற்றாரி 2600 பெட்டியின் நினைவகம் 128 பைற்றுக்கள் மாத்திரமே. பந்து எங்கே, மட்டை எங்கே, புள்ளி எத்தனை என ஆட்டத்தின் நிலை அந்நூற்றிருபத்தெட்டு எண்களில் அடங்கியிருந்தது. அந்நிலையைப் பெட்டி படமாக வரைந்தது. வலையமைப்போ 84 புள்ளி அகலமும் 84 புள்ளி உயரமுமாகச் சுருக்கிய நான்கு படங்களை, அதாவது 28,224 எண்களை உட்கொண்டு, பந்து எங்கே என ஊகிக்கப் பெருமுயற்சி செய்தது. ஓர் இயந்திரம் அறிந்து வைத்திருந்ததை இன்னோர் இயந்திரம் படத்தின் வழியே மீளக் கண்டறிந்தது. டீப்மைன்ட் ஆய்வாளர் இச்சுற்றுவழியைத் தெரிந்தே மேற்கொண்டனர். மனிதர் காண்பதையே காணச் செய்து கற்பிப்பது அவர்களது நோக்கம். ஆயின் பின்வந்த ஆண்டுகளில் இச்சுற்றுவழி வேறு காரணங்களுக்காகவும் நிலைபெற்றது. விளையாட்டின் உள்ளே இருக்கும் தகவல் அதனை உருவாக்கிய நிறுவனத்தின் உடைமை. ஆட்டக்காரருக்கு வழங்கப்படுவது அதன் நிழலாகிய படம் மட்டுமே. அப்படத்தைக் காண முடியாதவருக்கு எதுவும் வழங்கப்படுவதில்லை.

பெருநிறுவனங்கள் தம்முள் உடன்படும்போது இச்சுற்றுவழி தேவையற்றுப் போவதையும் காண்கின்றோம். 2017 இல் பிளிசார்ட் நிறுவனமும் டீப்மைன்ட்டும் இணைந்து ஸ்ரார்கிராவ்ற் 2 விளையாட்டின் உள்நிலையை எண்களாகப் பெறத்தக்க இடைமுகத்தை வெளியிட்டன. 2019 ஏப்ரலில் டோற்றா 2 உலக வெற்றியாளரான ஓ.ஜி. அணியைத் தோற்கடித்த ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் அமைப்பும் திரையைப் பார்க்கவில்லை. வால்வ் நிறுவனத்தின் இடைமுகம் வழியே பல்லாயிரம் எண்களைப் பெற்றது. ஸ்ரார்கிராவ்ற் போட்டியில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. 2019 சனவரியில் முதற் பத்து ஆட்டங்களிலும் வென்ற அல்பாஸ்ரார், போர்க்களம் முழுவதையும் ஒரேநேரத்தில் நோக்கும் வசதியுடையதாயிருந்தது. மனிதரைப்போல் ஒரு பகுதியை மட்டும் நோக்கும்படி கட்டுப்படுத்தப்பட்ட வடிவம் பதினோராவது ஆட்டத்தில் தோற்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் கட்டுப்பாட்டுடனேயே அது மிக உயர்ந்த தரத்தை எட்டியது என்பதையும் கூறுதல் வேண்டும். எவ்வளவு காண அனுமதிப்பது என்பதே ஆட்டத்தின் நீதியைத் தீர்மானித்தது.

திரையைப் பார்க்கும் கண் சாதாரண ஆட்டக்காரரின் கைக்கு எட்டியது 'யோலோ' என்னும் முறையினால். வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோசப் றெட்மனும் பிறரும் 2015 இல் வெளியிட்ட இம்முறை, ஒரு படத்தை ஒரே தடவை நோக்கி, அதிலுள்ள பொருள்களையும் அவற்றின் இடங்களையும் பெட்டிகளாகக் குறித்துக் காட்டும். செக்கனுக்கு 45 படங்கள் என்பது அதன் வேகம். விளையாட்டுத் திரையொன்றைத் தொடர்ந்து நோக்க இவ்வேகம் போதுமானது. றெட்மன் தமது மென்பொருளை எவரும் பயன்படுத்தத்தக்கதாகத் திறந்து வைத்தார். பயிற்றப்பட்ட வலையமைப்பு அறிந்த வகைகளுள் 'மனிதர்' என்பதும் ஒன்று. தெருவிலும் கடற்கரையிலும் எடுத்த நிழற்படங்களில் கூலியாளர் 'மனிதர்' எனக் குறித்தவற்றைக் கொண்டு கற்ற கண், சுடும் விளையாட்டின் கற்பனைப் படைவீரனையும் 'மனிதர்' எனவே அறிந்துகொண்டது. பெட்டியின் மையத்துக்குக் குறியை நகர்த்தும் சிறு நிரல் ஒன்றே எஞ்சியது.

இவ்வாறு புதியதொரு மோசடி தோன்றிற்று. யாழ்ப்பாணத்துச் சிறுவர் இதனை 'அளாப்புதல்' என்பர். பழைய முறையில் அளாப்புவோர் விளையாட்டின் நினைவகத்தினுள் நுழைந்து எதிரியின் இருப்பிடத்தை வாசித்தனர். அவ்வாறு நுழைவோரைக் கண்டுபிடிக்க 2002 முதல் வால்வ் நிறுவனம் இயக்கிவரும் தடுப்பமைப்புப் போன்றவை உருவாயின. புதிய முறையிலோ விளையாட்டின் நினைவகத்தை எவரும் தொடுவதில்லை. திரைக்குச் செல்லும் படத்தை இரண்டாவது கணனி பெற்று நோக்குகின்றது. அதன் முடிவு கைப்பிடியின் அசைவாகத் திரும்பி வருகின்றது. காவலாளி வீட்டின் உள்ளே தேடுகிறான். கள்வன் தெருவில் நின்று சாளரத்தைப் பார்க்கிறான். 2021 யூலையில் இத்தகைய மென்பொருளொன்றின் செய்துகாட்டற் படம் பரவியபோது, 'கோல் ஒவ் டியூட்டி' விளையாட்டின் உரிமையாளரான அக்ரிவிஷன் தலையிட்டது, படம் நீக்கப்பட்டது, உருவாக்கியவர் பணியைக் கைவிட்டார். மென்பொருள் வெளியிடப்படவே இல்லை. விலகியபோது அவர் கூறியவற்றுள் ஒன்று, இத்தொழினுட்பம் கைகால் இயலாதோர்க்கு உதவக்கூடியது என்பதாகும்.

இக்கூற்றைச் சாக்குப்போக்கு எனப் பலர் தள்ளினர். அவரது உள்ளக்கிடக்கை யாதாயிருப்பினும், கூற்றின் உண்மை அவரது நேர்மையில் தங்கியிருக்கவில்லை. குறி வைப்பதற்கு இயந்திரம் உதவுவது விளையாட்டுலகிற்குப் புதியதன்று. 2001 இல் வெளிவந்த ஹேலோ முதலாகப் பல விளையாட்டுக்களில், கைப்பிடியால் ஆடுவோரின் குறியை எதிரியை நோக்கி மெல்ல இழுக்கும் வசதியை நிறுவனங்களே வைத்துள்ளன. 2020 யூனில் வெளிவந்த 'த லாஸ்ற் ஒவ் அஸ்' இரண்டாம் பாகத்தில், அறுபதுக்கு மேற்பட்ட அணுகல் வசதிகளுள், எதிரியின் மீது குறியைத் தானே பூட்டும் வசதியும் ஒன்று. பார்வையற்றோர் அவ்விளையாட்டை முற்றாக ஆடி முடித்தனர். நிறுவனம் கொடுத்தால் அணுகல் வசதி, ஆட்டக்காரர் தாமே செய்துகொண்டால் மோசடி என்னும் பிரிவினை இங்கு வெளிப்படுகின்றது. தனியொருவர் ஆடும் விளையாட்டையும் பலர் பொருதும் விளையாட்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்ற மறுப்பில் நியாயமுண்டு. பொருதும் களத்தில் எதிரே இருப்பவரும் ஓர் ஆட்டக்காரரே. அவர் பொறியொன்றுக்கு இரையாதல் தகாது. குறிவைக்கும் மோசடியைத் தடைசெய்தமையை நாம் குறைகூறவில்லை. தடையின் மொழியையே குறைகூறுகின்றோம். அது கருவியைப் பார்க்கின்றதேயன்றி, கருவியைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பதில்லை.

றெட்மனின் முடிவும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 2018 இல் தமது முறையின் மூன்றாம் வடிவத்தை விவரித்த கட்டுரையில், தமக்கு நிதி வழங்குவோர் கடற்படை ஆராய்ச்சி அலுவலகமும் கூகிளும் என அடிக்குறிப்பொன்றில் அவர் எழுதினார். றோசன்பிளாற்றுக்குப் பணம் கொடுத்த அதே அலுவலகம்! 2020 பெப்ரவரியில், படைத்துறைப் பயன்பாடும் தனிமனித அந்தரங்கத்துக்கு ஏற்படும் தீங்கும் புறக்கணிக்கமுடியாதனவாகிவிட்டன எனக் கூறி, அவர் உருவறிதல் ஆய்விலிருந்தே விலகினார். ஏறத்தாழ இரண்டு திங்களில் நான்காம் வடிவம் வேறு சிலரால் வெளியிடப்பட்டது. தனியொருவரின் மனச்சாட்சியால் ஒரு தொழினுட்பத்தின் போக்கு மாறிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. விளையாட்டில் அளாப்புவதைத் தடுக்க வழக்கறிஞர் உளர். மெய்யான மனிதர் மீது பெட்டி வரையும் கருவிகளைத் தடுக்க அத்தகைய விரைவு எங்கும் காணப்படவில்லை.

உருவறிதல் ஆட்டக்காரரின் திரையை விட்டு ஆட்டக்காரரின் முகத்தை நோக்கித் திரும்பும்போது அதன் குணம் மாறுகின்றது. 2023 மேயில் கூகிள் அறிவித்த 'கேம்பேஸ்' என்னும் திறந்த மென்பொருள், சாதாரண நிழற்படக் கருவியால் முகத்தின் அசைவை அறிந்து அதனைச் சுட்டியின் அசைவாக மாற்றுகின்றது. தசைநலிவினால் கைகால் இயங்காத ஆட்டக்காரர் ஒருவரின் தேவையிலிருந்து அது பிறந்தது. வாயைத் திறத்தல், புருவத்தை உயர்த்தல் என்பன அவருக்குப் பொத்தான்கள். இங்கே கண் எதிரியைத் தேடவில்லை. ஆடுபவரின் விருப்பத்தைத் தேடுகின்றது. உதவி என்னும் சொல்லுக்கு இவ்வகையே நெருங்கியது என நாம் கருதுகின்றோம்.

இதற்கு மறுதலையாக 2024 சனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் எம்.எஸ்.ஐ. நிறுவனம் ஒரு திரையை அறிமுகஞ் செய்தது. 'லீக் ஒவ் லெஜன்ட்ஸ்' விளையாட்டின் மூலையிலுள்ள சிறு வரைபடத்தைத் திரையே நோக்கி, எதிரி எத்திசையிலிருந்து வருகிறான் என்பதை அம்பினால் முன்கூட்டிக் காட்டும். கணிப்பு முழுவதும் திரையினுள்ளேயே நிகழ்வதால் கணனிக்கு ஒன்றும் தெரியாது. 2021 இல் ஓர் ஆளின் அறையில் அடக்கப்பட்ட அதே கொள்கை இப்போது கண்காட்சி மேடையில் விற்பனைப் பொருளாக வைக்கப்பட்டது. விலை கொடுக்கவல்லவருக்கு இன்னொரு கண்!

சுற்றுவழியின்றியே பார்வையற்றோர் பலரோடு பொருதும் விளையாட்டும் அமைதல் கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருதல் தகும். 2023 யூனில் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்றீற் பைற்றர் 6' இல், இருவருக்கிடையேயுள்ள தூரம் ஒலியாகக் கேட்கும். நெருங்க நெருங்க அவ்வொலி மாறும். விழுந்த அடி மேலே பட்டதா கீழே பட்டதா என்பதும் ஒலியில் தெரியும். எந்த வலையமைப்பும் எந்தப் படத்தையும் அங்கே பார்க்கவில்லை. அத்தூரம் விளையாட்டின் நினைவகத்தில் ஏலவே ஓர் எண்ணாக இருந்தது. அதனைப் படமாக வரைந்த கையே ஒலியாகவும் வெளியே அனுப்பியது. வேண்டுவோர் எவரும் அவ்வொலியை இயக்கிக் கேட்கலாம், கண்பார்வை உடையவரும் அற்றவரும்.